ஓரா மேயும் வீடு

தெக்லா வீட்டில் இரண்டு பேர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒருவர் அவள் புருஷன் கிறகோரி. இன்னொன்று கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த துரை என்கிற ஓரா மீன். மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்தது. தொட்டியின் மேல்விளிம்பில் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் எல்லாவற்றையும் பார்க்கும். யாரும் கேட்காமலேயே செய்தி வாசிக்கிற தமிழில் புத்தி சொல்லும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் கண்காணி. தூத்துக்குடியில் அதெல்லாம் எடுபடுமா? அந்தத் தெருவில் அது கங்காணி.

துரை வந்த கதை ரொம்பச் சுருக்கம். எதிர்வீட்டு மோட்சமேரிக்கு ஒரு தொட்டி வந்தது. மோட்சமேரிக்கு வந்தது தனக்கு வராவிட்டால் தெக்லாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. கடல் மீட்பு நிலையத்துக்கு ஆள் மேல் ஆள் விட்டாள். செண்பகவல்லி என்கிற இளம் அதிகாரி தொட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"கடலுக்குள்ள பாறையெல்லாம் பாசி மூடி மூச்சுமுட்டிக் கெடக்கும்மா" என்றாள் செண்பகவல்லி. "மேயுறதுக்கு மீன் இல்ல. இருந்த ஓராவையெல்லாம் நாமளே பிடிச்சுத் தின்னாச்சு. பண்ணையில மொத்தமா வளர்த்துப் பார்த்தோம். ஒரு மீனு மேல வெள்ளப் புள்ளி நோய் விழுந்துச்சுன்னா ஒட்டுமொத்தமும் காலி. அதான் வீட்டுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுக்கோம். இந்த வீட்டு நோய் அந்த வீட்டுக்குத் தாவாதுல்லா."

"வளர்த்து?"

"வளர்ந்ததும் கடல்ல விட்டுருவோம்."

"அப்போ அடுத்தவன் ஆட்டுக்குட்டிய வாரத்துக்கு வளர்த்துக் குடுக்கிற மாதிரின்னு சொல்லு."

"அத வெட்டுவாங்க. இத விடுவோம். முதுகு முள்ளுல மட்டும் கை வச்சிராதீங்க. விஷ முள். குத்துச்சுன்னா கை வீங்கிரும்."

ஓரா முள்ளைப் பற்றித் தெக்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஆக்குகிற ஓரா மீன் குழம்புக்குத் தெருவே மயங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதைச் செண்பகவல்லியிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அந்த நாளில் ஊரில் எல்லா வீட்டுக்கும் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர். தொட்டியை நிரப்பக் கடல் தண்ணீர். வெயிலில் வற்றியதை ஈடுகட்ட நல்ல தண்ணீர். ஏனென்றால் வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே கிடக்கிறது. மோட்சமேரி இதைப் புரிந்துகொள்ளாமல் வற்றினதற்கும் கடல் தண்ணீரையே ஊற்றியதில், அவள் மீன் கருவாடாகிற நிலைக்குப் போய்த் தப்பியது. தெக்லா அந்தத் தப்பைச் செய்யவில்லை. அவள் செய்த தப்பு வேறு.

அதற்கு முன்னால் கிறகோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனுஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன்கள் ஆளில்லாமல் தாமாகவே ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கையைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பேச்சுக் குழறியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கடையில் போய் ரொட்டி கேட்டார். கடைக்காரன் "என்னது அண்ணாச்சி? என்னது?" என்று திரும்பத் திரும்பக் கேட்க, பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாயை அவர் திறக்கவேயில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். தண்ணீர் என்றால் விரலைக் காட்டுவார். வைத்தியர் பேசிப் பேசித்தான் சரியாகும் என்றார். தெக்லா கெஞ்சினாள், திட்டினாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ம்ஹூம்.

துரை வந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், தெக்லா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் யாரோ பேசுகிற சத்தம். கங்காணியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கங்காணி "ஏல" என்று பேசாது.

"ஏல துரை... அந்தக் கப்பலு... எம்மாம் பெருசு தெரியுமால... மூக்கு மட்டும்... கோயில் ஒசரம்..."

புளித்தண்ணீர் கையில் வழிய அப்படியே நின்றாள். குழறல்தான், பாதி வார்த்தை உமிழ்நீரில் கரைந்துதான் வந்தது. இருந்தாலும் அது அவர் குரல். உள்ளே போனால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவளிடம் வாயைத் திறக்க வெட்கம். ஒரு குழம்பு மீனிடம் கப்பல் கதை!

அதிலிருந்து தினமும் மத்தியானம் அவள் வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. எல்லாச் சத்தத்தையும் காலையிலேயே முடித்துக்கொண்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து புருஷன் மீனோடு பேசுவதைக் கேட்பாள். அவளுக்கு அது போதும் என்று இருந்தது.

ஆடி மாதம் கங்காணி ஒருநாள் தொண்டையைச் செருமியது. அப்படிச் செருமச் சொல்லி யார் கற்றுக்கொடுத்தார்களோ.

"அன்பான பராமரிப்பாளரே! வரும் தை மாதம் தங்கள் மீனுக்குக் கைச் சோதனை நடைபெறும். தேர்ச்சி பெறும் மீன் கடலில் விடப்படும்."

மீன் போனால் மத்தியானப் பேச்சும் போய்விடுமே என்று தெக்லா பயந்தாள். கடலில் விடுவார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் எல்லா அரசாங்க வேலையும் போல அது நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"கைச் சோதனைன்னா என்னது?" என்று கேட்டாள்.

"தொட்டியின் ஒருபுறம் பாசி படர்ந்த கல் வைக்கப்படும். மறுபுறம் மனிதக் கை நீட்டப்படும். கல்லை நாடும் மீன் தேர்ச்சி பெறும். கையை நாடும் மீன் கடலுக்குத் தகுதியற்றது. அது ஆயுள் முழுதும் பராமரிப்பாளரிடமே இருக்கும்."

"கைக்கு வந்தா எங்கிட்டயே விட்டுருவீயளா?"

"ஆம்."

அவ்வளவுதான் கேட்டாள். கங்காணிக்கு அந்தக் கேள்வியில் விசேஷம் எதுவும் தெரியவில்லை.

மாதா திருவிழாவுக்கு ஊரே வெள்ளையடித்துத் தேய்த்துக் கழுவுகிற சமயம் அது. தெக்லா வீட்டைக் கழுவினாள், சன்னல் கம்பியைத் துடைத்தாள், அப்புறம் தொட்டிக்கு வந்தாள். கண்ணாடியில் பச்சை பிடித்திருந்தது, பாறையெல்லாம் பாசி. விருந்தாளி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தேங்காய் நாரும் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, பாறையைப் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கி எடுத்தாள்.

மறுநாள் காய்ந்த பாசித் துண்டை வழக்கம்போலத் துணி கிளிப்பில் மாட்டத் தண்ணீருக்குள் கையை விட்டபோது, கிளிப்புக்கு முன்னாலேயே துரை பாய்ந்து வந்து விரல் நுனியில் கவ்வியது. மேய்வதற்கு வேறெதுவும் இல்லை. பசி. கை வந்தால்தான் சாப்பாடு என்பதை அது ஒரே நாளில் புரிந்துகொண்டுவிட்டது.

தெக்லாவும் புரிந்துகொண்டாள்.

திருவிழா முடிந்து கொடி இறங்கியது. தெக்லா வீட்டில் மட்டும் பாறை தேய்ப்பு நிற்கவில்லை. கிறகோரி காலையில் குளிக்கப் போனதும் கங்காணியின் தலையில் கரித்துணியைப் போட்டு மூடுவாள். "பார்வை மறைக்கப்பட்டுள்ளது, பார்வை மறைக்கப்பட்டுள்ளது" என்று அது துணிக்குள் முனகும். "தூசி தட்டுதேன், பொறு" என்பாள். பச்சை தெரிகிற இடமெல்லாம் நார் போட்டுத் தேய்ப்பாள். அப்புறம் கையில் பாசியை வைத்துக்கொண்டு, "வா ராசா, வா" என்று கூப்பிடுவாள். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறோம், அப்புறம் என்ன குறை என்பது அவள் கணக்கு. மனுஷ வயிற்றை வைத்து மீன் வயிற்றை அளந்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் துரை வெளுத்தது. அடிவயிறு உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. கண்ணைச் சுற்றித் தோல் பொரிந்து சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. மூலையில் போய் நின்றால் நின்ற இடம்தான். கிறகோரி வந்து உட்கார்ந்து, "ஏல" என்றார். அது திரும்பவில்லை. அன்றைக்கு அவர் அதற்கு மேல் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அடுப்படி வாசலில் தெக்லா இருட்டுகிற வரைக்கும் காத்திருந்தாள்.

கங்காணி தகவல் அனுப்பி, செண்பகவல்லி வந்துவிட்டாள். சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் கை விட்டு, பாறையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, பீங்கான் தட்டு மாதிரி இருக்கு! பாறையத் தேய்ச்சீங்களா?"

"திருவிழாவுக்கு..."

"திருவிழா போயி எவ்வளவு காலம் ஆச்சு?"

தெக்லா சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"ஓரா மாடு மாதிரிம்மா" என்றாள் செண்பகவல்லி. "வயிறு சின்னது, குடல் நீளம். காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா மேஞ்சுக்கிட்டே இருக்கணும். வேளைக்கு ஒருவாட்டி கையில குடுத்தா அதுக்குக் காணாது. வெறும் பாறையப் பார்த்துக்கிட்டே பட்டினி கெடக்கும். மேல ஒரு நோய் வந்து ஒக்காரும். இப்படியே போச்சுன்னா தை வரைக்கும் தாங்காது."

"செத்துருமா?"

"செத்துரும்."

நாற்காலியில் இருந்த கிறகோரி பெண்டாட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கிரேன் கூண்டிலிருந்து கீழே நிற்கிற ஆளைப் பார்த்தே சரக்கு எங்கே போகிறது என்று சொல்லக்கூடிய மனுஷன். தெக்லா அந்தப் பார்வைக்குத் தப்பி, காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுக் கொல்லப் பார்த்தோமே என்று அடுப்பங்கரையில் நின்று வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

போகும்போது செண்பகவல்லியை வாசலில் மறித்துக் கேட்டாள். "கைக்கு வார மீனு ஏன் கடலுக்கு ஆகாதுங்கிய? வந்தா வந்துட்டுப் போகுது."

"ஒங்க கைக்கு வந்த மீனு எந்தக் கைக்கும் வரும்மா. படகு நிழலக் கண்டாலே மேல வந்து நிக்கும். அள்ளிக் குழம்பு வச்சிருவாங்க."

அது முன்னறை நாற்காலி வரைக்கும் கேட்டது. தெக்லா அன்றோடு நாரைத் தூக்கிப் போட்டாள். விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட்டாள். கண்ணாடி பச்சையாயிற்று, பாறைக்கு முடி முளைத்தது. மோட்சமேரி வந்து பார்த்து, "என்ன மைனி, தொட்டியா குளமா? எங்க வீட்டு ராணியப் பாருங்க, கண்ணாடி எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்றாள். ராணி என்கிற அவள் மீனுக்கு வீட்டில் எல்லாரும் ஊட்டுவார்கள். வருகிறவர் போகிறவர் ஊட்டுவார்கள். ஒருதரம் இனிப்பு மக்ரூன்கூட ஊட்டினார்கள். துரையின் வயிறு திரும்ப உருண்டது, முகத்துக் குழிகள் ஆறின, நாள் பூரா பாறையில் தலைகீழாக நின்று கொறித்தது. கிறகோரியும் மத்தியானம் மறுபடி பேசத் தொடங்கினார்.

ஆனாலும் ஆசை விடுமா? மேயட்டும், நன்றாக மேயட்டும். அதோடு கைக்கும் வரட்டும். வந்தால் போதும், இங்கேயே இருந்துவிடும். அதனால் காலையில் கிறகோரி குளிக்கப் போகும் நேரத்தில் கங்காணியை மூடிவிட்டுக் கையில் ஒரு துண்டுப் பாசி கொடுப்பதை மட்டும் அவள் விடவில்லை. முன்னைப் போலப் பாய்ந்து வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, எட்டிக் கவ்விக்கொண்டு ஓடியது. வயிறு நிறைந்திருக்கிறது, பிகு பண்ணுகிறது என்று நினைத்தாள்.

மத்தியானப் பேச்சும் கொஞ்சம் மாறியிருந்தது. கப்பல் கதைக்கு நடுவில் "போ... போல அங்கிட்டு" என்று அதட்டுவார். தண்ணீர் சளப்பென்று கேட்கும். சன்னலில் வந்து உட்காருகிற பூனையை விரட்டுகிறார் என்று விட்டுவிட்டாள். கார்த்திகையில் அவருடைய இடதுகைப் பெருவிரல் கொழுக்கட்டையாக வீங்கியது. "குளவி கொட்டிச்சா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி ஒத்தடம் கொடுத்தாள். நல்லதாக இருக்கிற ஒரே கையையும் இப்படிக் கெடுத்துக்கொள்கிறாரே என்று திட்டினாள்.

தை பிறந்தது. செண்பகவல்லி முதலில் மோட்சமேரி வீட்டுக்குப் போனாள். ராணி பாசிக் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையைக் கண்டதும் வாலாட்டாத குறையாக வந்து, செண்பகவல்லியின் வளையலைக் கவ்விக்கொண்டு நின்றது. மோட்சமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கள விட்டுப் போமாட்டாளாம்!" என்று தெருவைக் கூட்டினாள்.

தெக்லாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

துரையின் தொட்டியில் ஒரு மூலையில் கல்லை இறக்கினாள் செண்பகவல்லி. "நீங்களே கையை விடுங்கம்மா. பழகின கைதான் சரியான சோதனை."

தெக்லா கையை விட்டாள். அந்தோணியாரே, வரணும். துரை பாறையிலிருந்து திரும்பியது. வந்தது. பாதி தூரம் வந்து நின்றது. செதிள் மினுங்க அப்படியே நின்று யோசித்தது. வா ராசா, வா.

"தயங்குது" என்றாள் செண்பகவல்லி. "இப்படின்னா முடிவு சொல்ல முடியாது. இன்னொரு கை பார்ப்போம். ஐயா, நீங்க வாங்க."

தெக்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமா, அவிய வரட்டும்! துரைக்கு அவியன்னா உசுரு" என்றாள்.

கிறகோரி எழுந்து வந்தார். சட்டையை மேலே தள்ளி, இடது கையைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

துரை முள்ளை விரித்தது. ஒரே சுழற்சி. பாறைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்த பிறகு மெல்ல வந்து, நேராகப் பாசிக் கல்லுக்குப் போய் மேயத் தொடங்கியது.

தெக்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தேர்ச்சி" என்றது கங்காணி.

"ரொம்ப நன்றி ஐயா" என்றாள் செண்பகவல்லி. "இந்தத் தெருவிலேயே கடலுக்குப் போறது இது ஒண்ணுதான். ஒங்க வேலைதான் எல்லாம்."

"அவிய என்ன வேலை செஞ்சாவ?" என்று கேட்டாள் தெக்லா.

"ஒங்களுக்குத் தெரியாதா? துரைக்கு நோய் வந்ததுல இருந்து கங்காணி தினமும் படத்த அனுப்பும், நான் பார்ப்பேன். தினமும் மத்தியானம் ஐயா கையை விடுவாங்க. துரை கிட்ட வந்ததும் தண்ணியில ஓங்கி அடிச்சு வெரட்டுவாங்க. அது ஓடிப்போயி மேயும். மறுபடி வரும், மறுபடி அடிப்பாங்க. ஒருதரம் முள்ளுகூடக் குத்திருச்சு. அடுத்த நாளும் அந்த வீங்கின கையையே விட்டாங்க."

அடப் பாவி மனுஷா! காலையில் அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கியதை மத்தியானம் இவர் அடித்து அடித்து அழித்திருக்கிறார். அதுவும் யார்? துரை போனால் யாருடைய வாய் மூடுமென்று அவள் பயந்து செத்தாளோ அந்த ஆள்.

"ஏங்க, ஏன் இப்படிச் செஞ்சிய?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். கிறகோரி நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். செண்பகவல்லி துரையைத் தண்ணீர்ப் பையில் ஏந்தியபோது எழுந்து நின்றார். கதவு சாத்துகிற வரைக்கும் நின்றார்.

"விருப்பம்னா அடுத்த குஞ்சு கொண்டாரேன்மா" என்று வாசலில் சொன்னாள் செண்பகவல்லி.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் தெக்லா.

அப்புறம் வீட்டில் சத்தமில்லை. கிறகோரி வழக்கம்போல மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். தெக்லா அடுப்படி வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம்தான். கோபத்தில் அவளும் பேசவில்லை. தட்டைத் தட்டினால் சோறு போட்டாள். வேண்டுமென்றே மிக்ஸியை ஓடவிட்டாள். மத்தியானத்தில்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள். தொட்டியைக் காலி பண்ணிவிட்டு அந்த இடத்தில் தையல் மிஷினைப் போடலாம் என்று முடிவு பண்ணியிருந்தாள். விளக்கின் சுவிட்சில் கை வைத்தாள்.

"ஏட்டி."

திரும்பினாள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயோரம் எச்சில் இறங்கியது. துடைக்கவில்லை.

"எங் கை..." என்றார். நாக்கு புரண்டது, நின்றது, மறுபடி புரண்டது. "எங் கை நல்ல கை. ஒங் கை... நல்ல கை. எல்லாக் கையும்... அப்படியா?"

தெக்லாவின் கை சுவிட்சிலேயே இருந்தது.

"வெளக்க அணைக்காத" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "பாசி... வளரட்டும். அடுத்த குஞ்சுப்பய வருவான்லா. பசியோட... வருவான். அந்தக் கப்பல் கத... ஒனக்குச் சொன்னேனா? நார்வேக்காரன்... ஒருநா என்ன செஞ்சான்னா..."

கங்காணி தொண்டையைச் செருமியது. "அன்பான பராமரிப்பாளரே! தொட்டியில் மீன் இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க விளக்கை..."

"நீ செத்த நேரம் சும்மா கெட" என்றாள் தெக்லா, கரித்துணியை எடுத்து அதன் தலையில் போட்டுக்கொண்டே. "அவிய பேசுதாவ."